சிவப்புப் பொட்டுக்குக் கீழே நீ இல்லை

என் வயிற்றில் பிறந்து, இப்போது என் போனுக்குள் குடியிருக்கிற மகனுக்கு,

கட்டு கனமாக இருக்கிறதே என்று பார்த்து, அம்மா சொத்து எழுதி வைத்துவிட்டாள் என்று மருமகளிடம் ஓடாதே. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், குண்டு மார்க்கரில், ஒரு தாளுக்கு நாலைந்து வரி என்று எழுதுகிறேன். சின்னதாக எழுதினால் எழுதுகிற எனக்கே தெரிவதில்லை. சொத்து என்று பார்த்தால் ஈசூன் வீடும் நானும்தான். வீட்டை எடுத்துக்கொள். கூடவே என்னையும் எடுக்க வேண்டும், அதுதான் கண்டிஷன்.

இதில் ஒரு பிரதியைப் பத்திரிகைக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கோபப்படாதே. உனக்கு மட்டும் அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவாய். நாலு பேர் படித்தால் உனக்கும் கொஞ்சம் கூச்சம் வரும். உன்னைப் போலவே ஆபீசில் உட்கார்ந்து போனுக்குள் கட்டங்களை அடுக்குகிற பிள்ளைகள் இந்த ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கும் அம்மா இருப்பாள்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை உன் ஆபீசில் நீங்கள் போனுக்குப் புதுசாகச் செய்ததை வெளியே விடுகிறீர்கள். அடுத்த மாதம் நீயும் மருமகளும் சிட்னிக்குக் கிளம்புகிறீர்கள். அதற்கு முன்னால் நான் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: என் போனில் உன் கட்டத்தை நகர்த்தாதே. சிரித்துக்கொண்டே சொல்கிறேன் என்பதால் விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளாதே. அழுகிற விஷயத்தையும் சிரித்துத்தான் சொல்ல வரும் எனக்கு. ஆனால் நான் யாரிடமும் கெஞ்சியவள் இல்லை. கல்யாணத்துக்குக்கூட உன் அப்பாதான் கெஞ்சினார்.

டாக்டரம்மா சொன்ன அன்று நீயும் பக்கத்தில் இருந்தாய். "கண்ணுக்குள்ள அழுத்தம் ஜாஸ்தியாகி நரம்பு வாடிப் போச்சும்மா. போனது திரும்பி வராது. இருக்கறத எவ்ளோ நாள் புடிச்சு வைக்க முடியுமோ வைப்போம்" என்றார். "அப்ப பாக்க வேண்டியவங்களை எல்லாம் சீக்கிரம் பாத்து முடிச்சிரணும்லா" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நீ எழுந்து போய் தண்ணீர் குடிக்கிற மாதிரி சுவரைப் பார்த்து நின்றாய். தண்ணீர்க் குழாய் எதிர்ப்பக்கம் இருந்தது. எனக்கு அது தெரிந்தது.

நான் எப்படிப் பார்க்கிறேன் என்று நீ பல முறை கேட்டாய், நானும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இப்போது சரியாகச் சொல்கிறேன். ஒரு மெதுவடையை எடுத்துக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொள். அந்த ஓட்டை வழியாகத் தெரிகிறதே, அவ்வளவுதான் என் சிங்கப்பூர். உன் மூக்கைப் பார்த்தால் காது இல்லை. பஸ்ஸின் நம்பரைப் பார்த்தால் பஸ் இல்லை. அந்த ஓட்டையும் வர வர சின்னதாகிறது. வடை தட்டுகிறவள் நல்ல கைகாரி போலிருக்கிறது.

அந்த வாரம் நீ லீவு போட்டுவிட்டு என் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தாய். போனில் இருந்ததை எல்லாம் தூக்கி மூலையில் போட்டுவிட்டு நாலே நாலு பெரிய கட்டம் செய்தாய். மேலே இடது பக்கம் நீ. அதன் பக்கத்தில் பஸ். கீழே கண் மருந்து. அதற்குப் பக்கத்தில் மணி. அழுத்தினால் உள்ளங்கையில் 'டுக்' என்று ஒரு சின்ன அதிர்வு. அப்புறம் உன் குரலிலேயே, "கூப்பிடறேன்மா, இருங்க." நீ எடுக்க முடியாவிட்டால், அதுவும் உன் குரலிலேயே, "இப்ப எடுக்க முடியல. நான் திரும்பக் கூப்பிடுவேன்." அந்த வாசகத்தைப் பதிவு செய்ய நீ என் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாய். வெளியே நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடிக்கிற சத்தம் இன்றைக்கும் அந்தப் பதிவில் கேட்கிறது. உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கெட்டிக்காரச் சாமான்களைச் செய்திருக்கலாம். எனக்கு அதைவிட நல்லதை யாரும் செய்து கொடுத்ததில்லை.

அது ஏன் அவ்வளவு பிடித்தது என்று யோசித்தேன். எங்கள் கடையில் இருந்ததுதான் அதிலும் இருந்தது. ஃபேரர் பார்க் மார்க்கெட்டில் பாய் கடையில் இத்தனை வருஷம் நான் செய்த வேலை தெரியுமே. வருகிறவர் தேநீர் கேட்டால் நான் உள்ளே கத்த வேண்டும். "தே ஓ கோசோங் ஒண்ணு!" என்றால் பால் வேண்டாம், சீனியும் வேண்டாம். கத்துவது உள்ளே ஊற்றுகிற பாய்க்காக என்று நீ நினைப்பாய். பாய்க்குக் காது நன்றாகவே கேட்கும். வாடிக்கையாளருக்காகவும்தான் அந்தக் கத்தல். தான் சொன்னது சொன்னபடி போய்ச் சேர்ந்தது என்று கேட்டதும் அவர் தோள் இறங்கும், போய் உட்காருவார். கத்தாமல் தலையாட்டினால் அங்கேயே நின்று எட்டி எட்டிப் பார்ப்பார். இஞ்சி தீர்ந்துவிட்டால் "ஹாலியா முடிஞ்சிருச்சு அண்ணே, வேற சொல்லுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். இல்லாத இஞ்சிக்கு ஒருவரை உட்கார வைப்பது பாவம். நீ செய்த அந்த நாலு கட்டம் கத்தியது, இல்லையென்றால் இல்லை என்றது. அவ்வளவுதான். அதற்கு மேல் என்னைக் கொஞ்சவும் இல்லை, கும்பிடவும் இல்லை.

அப்புறம் நான் செய்த வேலைக்கு வருகிறேன். நீ வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாயே, அந்தப் பொட்டு. உன் அப்பா போனபோது அலமாரியில் ஸ்டிக்கர் பொட்டுப் பாக்கெட் நிறைய மிஞ்சிக் கிடந்தது. தேக்கா மார்க்கெட்டில் சலுகை விலை என்று அவரே வாங்கி வந்தது. என் நெற்றிக்கு அது வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். போனுக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் உன் கட்டத்தின் மேல் பெரிய சிவப்புப் பொட்டு. பஸ்ஸுக்கு நீளப் பொட்டு. மருந்துக்குச் சின்னது. மணிக்குக் கல் வைத்தது. பொட்டின் மேலேயே அழுத்தினால் வேலை செய்யவில்லை, அதனால் கட்டத்தின் மேல் ஓரமாக ஒட்டினேன்; விரல் பொட்டைத் தொட்டு அதற்குக் கீழே அழுத்தும். "என்னம்மா இது, போன் சுமங்கலி ஆயிருச்சா?" என்று நீ கேட்டாய். "ஆமாடா, யாராவது ஒருத்தியாவது இருக்கட்டும்" என்றேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்போது உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. தினமும் காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவித் தடவி அந்தப் பொட்டுகளைப் படித்தேன். கண் இருக்கும்போதே கை பாடத்தைப் படித்து முடித்துவிட வேண்டும், கண் போன பிறகு கற்றுக்கொடுக்க ஆள் இருக்காது என்று எனக்குத் தோன்றியது. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் இந்தப் பாடத்தில் நான் முதல் மாணவி. பஸ் நிறுத்தத்தில், லிஃப்டில், கடையில் எங்கே நின்றாலும் பையில் கையை விட்டால் போதும், நீ எங்கே இருக்கிறாய் என்று விரலுக்குத் தெரியும்.

உன் ஆபீசில் அந்த நாலு கட்டத்தைப் பார்த்தார்கள். நல்லதுதான். "அம்மா, உங்களுக்குச் செஞ்சது எல்லா வயசானவங்களுக்கும் போகப் போவுது" என்று நீ சொன்னபோது நான் பாய் கடையில் எல்லோருக்கும் காசு வாங்காமல் தேநீர் கொடுத்தேன், பாய் முறைத்தார். அதற்குப் பிறகுதான் கட்டங்களுக்குக் கால் முளைத்தது. ஒரு காலையில் சிவப்புப் பொட்டை அழுத்தினால் மணி சொன்னது. பஸ்ஸைக் கேட்டால் நீ வந்தாய். உன் குரலும் இல்லை. யாரோ ஒரு பெண், சீனிப்பாகில் ஊறப் போட்ட குரலில், "மதிப்பிற்குரிய பயனரே" என்கிறாள். அந்த மதிப்புக்குரியவள் யார் என்று நான் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தேன்.

உன்னிடம் கேட்டேன். நீ எவ்வளவு ஆசையாக விளக்கினாய்! "அம்மா, இது ஸ்மார்ட்மா. நீங்க எதை அதிகமா யூஸ் பண்றீங்களோ அது தானா முன்னாடி வந்துரும். உங்களைப் பாத்து அது கத்துக்கும்."

"நான்தான்டா அதப் பாத்துக் கத்துக்கணும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்துக்கிட்டா யாருடா வாத்தியாரு?"

நீ சிரித்து, ஆபீசில் சொல்கிறேன் என்றாய். நான் விடாமல், "அப்ப உன்ன நெறைய தடவ கூப்பிட்டா நீ மேலயே நிப்பியா?" என்று கேட்டேன். நீ இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே, "நிப்பேன்மா" என்றாய். நீ அதை எப்போதோ மறந்திருப்பாய். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஏன் நடந்தது என்றுதான் தெரியாது. புடலங்காய் என்ன விலை என்று கேட்கக் கூப்பிட்டேன்; புடலங்காய் என் கையில்தான் இருந்தது, விலையும் எழுதியிருந்தது. உன் ஆபீஸ் பக்கம் மழையா என்று கூப்பிட்டேன். மருமகளுக்குப் பாவக்காய் பிடிக்குமா என்று கூப்பிட்டேன், அப்புறம் பிடிக்காதா என்றும் கூப்பிட்டேன். கூப்பிடக் கூப்பிட உன் கட்டம் சிவப்புப் பொட்டுக்குக் கீழே அசையாமல் நின்றது. உன்னை நான் தொல்லை பண்ணவில்லை ராசா. அலையில் படகு போய்விடாமல் கயிற்றை இழுத்துப் பிடிக்கிற மாதிரி உன்னைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ பெருமையாகச் செய்த ஒன்றை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. என் வாய் எதற்கும் வரும், அதற்கு மட்டும் வரவில்லை.

ஒரு நாள் ராத்திரி உன் வீட்டிலிருந்து கூப்பிட்டுப் பொறுமை இழந்தாய். உன்மேல் தப்பில்லை. "மீட்டிங் நடுவுல வரிசையா மிஸ்டு கால்மா. என்னாச்சோன்னு பதறி வெளிய ஓடி வந்தேன். நீங்க கேக்கறது புடலங்காய் வெல! கொஞ்சம் கம்மியா கூப்பிடுங்கம்மா, ப்ளீஸ்." பின்னால் மருமகள் சொன்னதும் கேட்டது. "அத்தைக்கு போர் அடிக்குது போல லா. ஏதாச்சும் ஆக்டிவிட்டில சேத்து விடலாமா?" நல்ல பெண், அக்கறையாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் முகம் சுண்டிப் போயிற்று. சரி, பிள்ளைக்கு வேலை இருக்கிறது, இனி அவசரத்துக்கு மட்டும் கூப்பிடுவோம் என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

நான் கையைக் கட்டினேன், உன் கட்டம் காலை எடுத்து வைத்துவிட்டது.

அந்தச் சமயத்தில் உங்கள் ஆபீஸ் இன்னொன்றை உள்ளே விட்டிருந்தது. 'இன்று எப்படி உணர்கிறீர்கள்?' என்று கேட்டு மூன்று முகம் காட்டுகிற கட்டம். அது அடிக்கடி மணியடிக்கும். எதையாவது அழுத்தாவிட்டால் வாயை மூடாது. கடையில் கூட்டமாக இருக்கும்போது யாரால் உணர்ந்துகொண்டிருக்க முடியும்? முதலில் கிடைக்கிற முகத்தை அழுத்தி வாயை அடைப்பேன். முதலில் இருப்பது சிரித்த முகம். நான் அதை விரும்பி விரும்பி அழுத்துகிறேன் என்று போன் எடுத்துக்கொண்டது. அன்புக்கும் அலுப்புக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. அதைத் தூக்கிக் கொண்டுபோய் முதல் இடத்தில் வைத்தது. சிவப்புப் பொட்டுக்குக் கீழே.

இனி சொல்வதை நீ இதுவரை கேட்டதில்லை.

ஒரு சாயங்காலம், கடை முடிந்து ரயிலில் வருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளின் பையில் கருவாட்டு வாசனை. "உங்க பை என்னை விருந்துக்குக் கூப்பிடுது" என்று ஆரம்பித்து, வாயாடிக்கொண்டே ஈசூனைத் தவற விட்டுவிட்டேன். அப்புறம் எந்த ஸ்டேஷன் என்று காதில் விழவில்லை. கூட்டம் எழுந்தது, நானும் எழுந்தேன். உட்லண்ட்ஸ். எல்லை தாண்டி மலேசியப் பக்கம் ஜோகூருக்குத் திரும்புகிற வேலையாட்கள் எல்லாம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற நேரம். உனக்கு அது கூட்டம். வடை ஓட்டை வழியாகப் பார்க்கிறவளுக்கு அது ஒரு முதுகு, அப்புறம் ஒரு பை, அப்புறம் யாருடையதோ முழங்கை. எந்தப் பக்கம் படி, எந்தப் பக்கம் ரோடு ஒன்றும் தெரியவில்லை. தள்ளிக்கொண்டு போனார்கள். போனேன். எங்கேயோ ஒரு தூண் கையில் பட்டது. அதைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பயப்படவில்லை. பையில் நீ இருக்கிறாயே. விரல் போய் சிவப்புப் பொட்டை அழுத்தியது.

"அருமை! உங்கள் மகிழ்ச்சி எங்கள் மகிழ்ச்சி!" என்றாள் சீனிப்பாகுக்காரி.

மறுபடி அழுத்தினேன். "அருமை!" வெளியே எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். ஓட்டை முழுக்க ரோஜா இதழ் உதிர்கிறது. சத்தம் போட்டுப் பாடுகிறது. அழுத்த அழுத்தப் பூ. எல்லோரும் இடித்துக்கொண்டு போகிறார்கள், நான் தூணைக் கட்டிக்கொண்டு, "டேய், எடுடா, எடுடா" என்று பூவைக் குத்திக்கொண்டிருக்கிறேன். பொட்டு அதே இடத்தில்தான் இருந்தது. அதற்குக் கீழே நீ இல்லை. என் பிள்ளை எங்கே இருப்பான் என்று என் கைக்குத் தெரியாமல் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. கண் போவது எப்படி இருக்கும் என்று அது வரைக்கும் நினைத்துப் பார்த்திருக்கிறேன், ஒரு மாதிரி மனசைத் தேற்றியும் வைத்திருந்தேன். இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை.

"அக்கா, ஏன்கா தூணோட சண்ட போடறீங்க?" என்று ஒரு குரல். ஜோகூர்க்காரப் பெண், ஏதோ ஆபீசைத் துப்புரவு செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறவள். தரை கழுவுகிற மருந்து வாசனை அடித்தது.

"மகனத் தேடறேன்மா."

"கூட்டத்துல விட்டுட்டீங்களா? எந்தப் பக்கம்?"

"போன்ல விட்டுட்டேன்."

சிரித்துவிட்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். போனை வாங்கி இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்குக்கா. போன் பண்ற எடத்தத்தான் காணோம்" என்றாள். அதற்குள் அவளுடைய வரிசை நகர்ந்து பஸ் போய்விட்டது. நான் பதறினேன். "போகட்டும், இன்னொண்ணு வரும். நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்" என்று என் கையை எடுத்துத் தன் முழங்கையில் வைத்துக்கொண்டாள். ஈசூன் பக்கம் போகிற ரயிலில் ஏற்றி, கதவு மூடும் வரைக்கும் "இருக்கேன்கா, இருக்கேன்கா" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். அவள் என்னைச் சந்தோஷப்படுத்த ஒன்றும் செய்யவில்லை. இருக்கிறேன் என்றாள், சொன்ன இடத்திலேயே இருந்தாள். நீங்கள் எல்லாம் கூட்டம் போட்டு, மக்கள் ஏன் ஒரு சாமானை நம்புகிறார்கள் என்று பேசுகிறீர்களாமே. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பேர் கேட்க மறந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா! அன்னைக்கு சாயந்தரம் அவ்ளோ ஹாப்பியா இருந்திருக்கீங்க! என் போனுக்கு வரிசையா ஸ்மைலி வந்திருக்கு! ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டினேன்" என்றாய். நான் வடை ஓட்டையை உன் முகத்துக்கு நேரே கொண்டு வந்தேன். பொட்டைப் பார்த்துச் சிரித்த அந்த நாளுக்குப் பிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "ஆமாடா, ஊர் சுத்தப் போனேன்" என்றேன். பிறகு கறி எடுக்கிற மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றைக்குக் கறி சமைக்கவே இல்லை. நீ கவனிக்கவில்லை.

பார்த்தாயா, போன் என்னிடம் பொய் சொன்னது பெரிசில்லை. என்னைப் பற்றி உன்னிடமும் பொய் சொல்லிவிட்டது. நான் தூணைக் கட்டிக்கொண்டு நின்றபோது, உன் சட்டைப் பையில் நான் பூமாரியில் நனைந்துகொண்டிருந்தேன். முன்பெல்லாம் நீ ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு, "சாப்பிட்டீங்களாம்மா, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்பாய். இப்போது கேட்பதில்லை. கேட்க வேண்டியதில்லையே, அம்மா மகிழ்ச்சி என்று பச்சையாக வந்துவிடுகிறது.

உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். "மத்தவங்க நெறைய பேருக்கு இது ஈஸியா இருக்கும்மா" என்று நீ சொன்னாய். இருக்கும். கண் நல்லா இருக்கிறவர்கள் எது எங்கே போனாலும் தேடி எடுத்துக்கொள்வார்கள். பாய்கூட ஒரு நோன்புக்கு முன்னால் கடையைக் கழுவி, கோப்பிக் கூஜாவையும் தேநீர்க் கூஜாவையும் இடம் மாற்றி வைத்தார். அவருக்கு வசதியாம். என் கை பழைய இடத்துக்குப் போய், ஒரு பெரியவருக்குப் பாதிக் கோப்பி பாதித் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். "என்னம்மா இது?" என்றார். "இன்னைக்கு ஸ்பெஷல் அண்ணே" என்றேன். நல்லா இருக்கு என்று குடித்துவிட்டுப் போனார். ஆனால் பாய் அன்றைக்கே கூஜாவைப் பழைய இடத்துக்கு மாற்றிவிட்டார். "உங்க கை பழகற வரைக்கும் என் வசதி காத்திருக்கும்லா. நீங்க கத்துங்க, அது போதும்" என்றார். உன் முதலாளியும் பாய் மாதிரி இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். உன் முதலாளிக்கு என்ன நெருக்கடியோ, எனக்குத் தெரியாது. தீபாவளிக்குப் புதுத் துணி மாதிரி, மாதா மாதம் புதுசு வேண்டும் போலிருக்கிறது.

அதனால் எல்லாவற்றையும் தூக்கிப் போடு என்று கேட்கவில்லை. பூ வேண்டியவர்களுக்குப் பூ உதிரட்டும். நான்தானே உன்னிடம் பாட்டுக்கு ஒரு கட்டம் போட்டுத் தா என்று ஆசைப்பட்டுக் கேட்டேன். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. வெள்ளிக்கிழமை வரப்போவது இன்னும் புத்திசாலி, கட்டமே இருக்காது, நாம் நினைப்பதை அதுவே ஊகித்துவிடும் என்றாய். தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிறவள் என்ன நினைக்கிறாள் என்று அது எப்படி ஊகிக்கும்? பெற்ற பிள்ளை நீயே ஊகிக்கவில்லையே. எனக்கு ஒரு பூட்டு வைத்துக் கொடு. 'இது இந்த அம்மாவின் இடம், இதை யாரும் தொடக் கூடாது' என்று ஒரு பூட்டு. அந்தக் கடுகு வெடிக்கிற குரலைத் திருப்பிக் கொடு. நீ எடுக்க முடியாவிட்டால் எடுக்க முடியவில்லை என்றே சொல்லட்டும், தாங்கிக்கொள்வேன். எனக்குத் தாங்க முடியாதது அந்த "அருமை!"தான்.

சிட்னிக்குப் போகாதே என்றும் கேட்கவில்லை. போ. நன்றாக இரு. நீ அங்கே போய்விட்டால் எனக்கும் உனக்கும் நடுவே இருப்பது ஒரு கண்ணாடித் துண்டும் ஒரு பொட்டும்தான். போன வாரம் டாக்டரம்மாவிடம் தனியாகப் போய்விட்டு வந்தேன். ஓட்டை இன்னும் சிறுத்திருக்கிறதாம். உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் அழுத்தினேன். எத்தனை டிகிரி வெயில் என்று பதில் வந்தது. ஒவ்வொரு தடவை நீங்கள் நகர்த்தும்போதும் என் கை பெயிலாகி மறுபடி முதலிலிருந்து படிக்கிறது, ராசா. கை படிப்பதற்குக் கண் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த வாத்தியார் எந்த நாளிலும் வராமல் நின்றுவிடுவார். ஐந்தாவது வரைக்கும் வந்தவளை மறுபடி மறுபடி ஒன்றாவதில் உட்கார வைக்காதே. எனக்கு அவ்வளவு வருஷம் இல்லை.

இப்போது நீ கீழே வலது பக்கம் இருக்கிறாய். சிவப்புப் பொட்டைப் பிய்த்து அங்கே ஒட்டினேன். பிய்த்துப் பிய்த்துப் பசை போய்விட்டது. ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி ஒட்டியிருக்கிறேன். எறும்பு வராமல் பார்த்துக்கொள்கிறேன், நீ சிரிக்காதே.

காலையில் நீ பல் துலக்குகிற நேரத்துக்கு என்னிடமிருந்து ஒரு அழைப்பு வருகிறதே, "என்னம்மா?" என்று நுரை வாயோடு கேட்பாய், "சும்மாதான்டா" என்று வைத்துவிடுவேனே, அது சும்மா இல்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உன்னைக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். உன் "என்னம்மா?" கேட்டால் பாஸ். அன்றைய நாளைக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை காலையும் அழுத்துவேன். கண்ணைத் திறக்க மாட்டேன். நீ அங்கேயே இரு.

அம்மா